வன்னிக் குளங்களில் பெரிய வாளை: வள்ளக்காரரோடு போய்த் தூண்டில் போட ஒரு முழுமையான வழிகாட்டி

வாளை இடம் பார்த்துக் கிடக்கிற மீன். குளம் எவ்வளவு விரிந்து கிடந்தாலும் பகலில் அது ஒதுங்கும் இடங்கள் கொஞ்சம்தான்: மூழ்கிப்போன பழைய ஆற்றின் கரை, பட்டமரத்தின் அடி, மண்ணைக் குடைந்த பொந்து. பொழுது சாய அங்கிருந்து மேட்டுக்கு ஏறி இரை தேடும். விடிந்ததும் திரும்பி இறங்கும். ஆகவே எந்தத் தடி, எந்த ரீல் என்று கேட்க முன்னர் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். குளத்துக்கு அடியில் ஆறு எந்த வழியால் ஓடியது? இன்றைக்குக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது? இரண்டுக்கும் விடை வைத்திருப்பவர் அந்தக் குளத்தில் அன்றாடம் வலை போடும் மீனவர். அவருடைய வள்ளத்தில் ஏறினால் பாதி வேலை முடிந்தது.

மீனும் குளமும்

இங்கே சொல்வது நன்னீர் வாளையைப் பற்றி. விலங்கியலில் வல்லாகோ அட்டு. செதிலில்லாத வெள்ளி உடல், கண்ணையும் தாண்டி நீளும் வாய், வயிற்றிலிருந்து வால்வரை ஓடும் கீழ்ச்செட்டை, இரண்டு சோடி மீசை. முதுகுச் செட்டை சின்னது, அதில் முள் இல்லை. சுங்கானையும் கெளிறையும் கையில் எடுக்கும்போது இருக்கும் விஷமுள் பயம் இதில் இல்லை. பயப்பட வேண்டியது வாயின் உட்பக்கம் சாய்ந்து நிற்கும் பொடிப் பற்களுக்கு. கையை விட்டால் உள்ளே போவது சுலபம், வெளியே வரும்போது தோல் வராது.

90 சென்றிமீற்றரைத் தாண்டினால் பெரிய வாளை என்று சொல்லலாம். பன்னாட்டுத் தூண்டில் பதிவுகளில் 18.6 கிலோ வாளை ஒன்று ஏறியிருக்கிறது. அதை மனதில் வைத்து யாரும் வள்ளம் பிடிக்க வேண்டாம். உலகச் செம்பட்டியலில் அழிவை நோக்கிப் போகக்கூடிய இனங்களுக்குள் இந்த மீன் சேர்ந்துவிட்டதால், கீழே உள்ளது எல்லாம் பிடித்து, அளந்து, உயிரோடு விடுகிற முறைக்கானது.

கனகராயன் ஆற்றை மறித்த இரணைமடு, பாலியாற்றை மறித்த வவுனிக்குளம், பேராற்றை மறித்த முத்தையன்கட்டு: மூன்றிலும் அடியில் ஓர் ஆற்றுப் படுக்கை இருக்கிறது. தேடுவது அதைத்தான். தேக்கம் என்ற அணைக்கட்டிலிருந்து அருவியாற்றுத் தண்ணீர் வந்து நிறையும் கட்டுக்கரைக்குளம் வேறு வகை. அது அகன்ற, ஆழங்குறைந்த குளம். 1954 முதல் சரணாலயமும்கூட. அதை விட்டுவிடுங்கள்.

பெரிய குளம் என்பதற்காக அங்கே பெரிய வாளை இருக்கும் என்றில்லை. காலையில் மீன் இறங்குதுறைக்குப் போய் வலை தட்டும் இடத்தில் நில்லுங்கள். திலாப்பியாவுக்கும் கெண்டைக்கும் நடுவில் வாளை கிடக்கிறதா, எந்த அளவு என்று பாருங்கள். கேட்கிற கேள்வியும் குறிப்பாக இருக்கட்டும். “அண்ணை, இந்தக் குளத்தில வாளை இருக்கோ?” என்றால் எல்லாக் குளத்திலும் “ஓம்” என்றுதான் பதில் வரும். “போன கிழமை வாளை ஏறினதோ? எந்தப் பக்கத்து வலையில, எத்தனை பாகத்தில?” என்று கேட்டால் உண்மை வெளியே வரும். பாகம் என்பது ஆழக் கணக்கு, ஏறக்குறைய ஆறு அடி.

எந்த மாதம்

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி: போக வேண்டாம். மழை இறங்கி ஆறு குளத்துக்குள் பாயத் தொடங்கியதும் வாளை முட்டையிட நீரோட்டத்தை எதிர்த்து ஏறும். அந்த நேரம் ஆற்று வாயில் நின்று பிடிப்பது எளிது. எளிது என்பதுதான் அதன் கேடு; வயிற்றில் முட்டையோடு மீன் அகப்படும்.

தையில் குளம் நிறைந்து அலைகரைக் காட்டுக்குள்ளும் தண்ணீர் நிற்கும். மீன் மரங்களுக்குள் சிதறிப் போய்விடும். தேடிக் களைப்பதுதான் மிச்சம். மாசி பிற்பகுதியில் தண்ணீர் தெளிந்து, அலைகரையிலிருந்து பின்வாங்கத் தொடங்கும். அங்கிருந்து வைகாசி நடுப்பகுதி வரை நல்ல காலம். சிறுபோகத்துக்குத் துருசு, அதாவது குளத்து மதகு, திறந்தபின் மட்டம் இறங்க இறங்க மீன் பழைய ஆற்றோடு வந்து சேரும், வள்ளக்காரர் சொல்லும் இடமும் பிழைக்காது. ஆனியில் சோளகக் காற்று பிடித்துவிட்டால் பகல் முழுக்க அலை. விடியற்காலை மட்டும் கொஞ்சம் அடங்கும். ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றி, தண்ணீர் சுட்டு, விடியும் நேரத்தில் ஒட்சிசன் குறைந்து கிடக்கும். அப்போது பிடித்த மீனை விட்டாலும் அது பிழைப்பது அரிது. ஆக வருடத்தில் மூன்று மாதம். அது போதும்.

குளக்கட்டில் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அளவுகோல் நிற்கும். இரணைமடு கட்டு உயர்த்தப்பட்ட பிறகு 36 அடி வரை கொள்ளும். போகிற ஒவ்வொரு நாளும் அந்த அடிக்கணக்கைக் குறித்து வையுங்கள். மட்டம் மெதுவாக இறங்கும் கிழமைகள் நல்லவை. திடீரென்று ஒரு அடி ஏறினாலோ இறங்கினாலோ இரண்டு மூன்று நாள் மீன் வாய் திறக்காது.

வள்ளக்காரரோடு பேச வேண்டியவை

இந்தக் குளங்களில் நன்னீர் மீனவர் சங்கங்கள் தொழில் செய்கின்றன. முதலில் சங்கத்தின் சம்மதம். அடுத்து, நக்டா எனப்படும் நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் தூண்டில் அனுமதி பற்றிக் கேளுங்கள். குளக்கட்டில் வாகனம் விடுவதற்கு நீர்ப்பாசனத் திணைக்களத்தையும் கேட்க வேண்டியிருக்கலாம். குளம் காட்டுக்குள் இருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்தையும். வாய்ப்பேச்சு அனுமதியை நம்பி இரவில் குளத்தில் நிற்பது புத்தியல்ல.

கூலியை வள்ளத்தில் ஏற முன்னர் பேசி முடியுங்கள். மீன் அகப்பட்டால் இவ்வளவு, அகப்படாவிட்டால் இவ்வளவு என்று பேசுவது கெட்ட பழக்கம். அப்படிப் பேசினால் அவர் மீனை எப்படியாவது காட்டப் பார்ப்பார்: ஆற்று வாய்க்கோ வலைக்குக் கிட்டவோ கொண்டுபோய் விடுவார். நேரத்துக்குக் கூலி, அன்று அவர் போடாமல் விட்ட வலைக்கு ஈடும் அதற்குள் அடங்கட்டும். வாளையை விடப் போகிறோம் என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். நல்ல விலை போகிற மீனை அவர் கண் முன்னால் தண்ணீரில் விட்டால் மனம் கசக்கும்.

ஒரு வள்ளத்தில் தூண்டில்காரர் இரண்டு பேர், வள்ளக்காரர் ஒருவர். அதற்கு மேல் வேண்டாம். எழுந்து நின்று எறிகிற பழக்கமும் வேண்டாம்; ஒடுங்கிய வள்ளம் புரள்வது பெரும்பாலும் மீன் வள்ளத்தடிக்கு வந்த நேரத்தில், இரண்டு பேரும் ஒரே பக்கம் சாய்கிறபோதுதான்.

ஆற்றைக் கண்டுபிடித்தல்

வீட்டிலிருந்தே தொடங்கலாம். கூகிள் ஏர்த்தில் பழைய வருடங்களின் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். குளம் வற்றிய ஆவணி, புரட்டாதிப் படம் ஒன்று கிடைத்தால் ஆற்றுப் படுக்கை கறுப்பு நாடா போலத் தெரியும். அது குளக்கட்டை நோக்கி வளையும் இடம், கிளையாறு வந்து சேரும் இடம், கரையில் மரம் நிற்கும் இடம் மூன்றையும் தொலைபேசியில் குறியுங்கள்.

குளத்தில் அதைச் சரிபார்க்கச் சாதனம் தேவையில்லை. 200 கிராம் ஈயக்குண்டு, அரைப் பாகத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட நைலோன் கயிறு. வள்ளத்தை மெதுவாக ஓட்டி ஐந்து மீற்றருக்கு ஒருமுறை கயிறை விடுங்கள். ஒன்றரைப் பாகம், ஒன்றரை, ஒன்றே முக்கால், பிறகு திடீரென்று மூன்று: அந்த விளிம்புதான். ஈயம் விழும்போது கையில் தெரிவதையும் கவனியுங்கள். “டொக்” என்றால் கல் அல்லது கட்டை. இழுக்கும்போது ஒட்டினால் சேறு. சேறு ஆழமாகப் படிந்த படுக்கை எவ்வளவு ஆழமானாலும் அங்கே நேரம் செலவழிக்க வேண்டாம். கரை செங்குத்தாக இறங்கி, மேல் விளிம்பில் பட்டமரம் இரண்டு மூன்று நின்றால் அதற்கு மேலான இடம் இல்லை.

துருசுக்குக் கிட்ட ஆழம் இருக்கும், மீனும் இருக்கும். ஆனாலும் 100 மீற்றர் தள்ளியே நில்லுங்கள். துருசு திறந்திருக்கும்போது அடியில் இழுக்கும் வேகம் மேலே தெரியாது.

தடி, நூல், முள்

ஏழு முதல் எட்டு அடித் தடி, பாரமான வகை, நுனி மட்டும் கொஞ்சம் வளைவது. 5000 அல்லது 6000 அளவு ரீல். 40 இறாத்தல் பின்னல் நூல் 200 மீற்றர். இதைவிட மெல்லிய நூலில் பிடிப்பது கெட்டித்தனம் என்று நினைப்பவர்கள் உண்டு. சுடுதண்ணீர்க் குளத்தில் மீனை அரை மணித்தியாலம் இழுத்துக் களைக்க வைத்துவிட்டு “விட்டேன்” என்று சொல்வதில் பொருளில்லை. பாரமான சாமானோடு போய் பத்து நிமிடத்துக்குள் முடியுங்கள்.

மீன் இழுக்கும்போது எந்தப் பாரத்தில் நூல் வழுக்க வேண்டும் என்று ரீலில் வைக்கும் இறுக்கம்தான் ட்ராக். அதைக் கையால் இழுத்துப் பார்த்து வைக்காதீர்கள். தடியை 45 பாகையில் பிடித்து, நூல் நுனியில் தொங்கு தராசைக் கொழுவி இழுங்கள். ஐந்து கிலோவில் நூல் வழுக்கத் தொடங்க வேண்டும். அந்த நிலையில் ட்ராக் திருகில் ஒரு அடையாளம் போடுங்கள். இருட்டில் அதைத் தேடத்தான் வேண்டிவரும்.

தூண்டில் அமைப்பு இப்படி:

1. பின்னல் நூலின் நுனியில் 0.60 மில்லிமீற்றர் தங்கூசி (ஒற்றை இழை நைலோன் நூல்) இரண்டு மீற்றர், இரட்டை யூனி முடிச்சால். முடிச்சை எச்சிலால் நனைத்து இறுக்குங்கள்; காய்ந்து இறுகினால் சூட்டில் தங்கூசி பலமிழக்கும்.

2. தங்கூசியில் ஒரு சின்ன சுவிவல் (நூல் முறுகாமல் சுழலும் வளையம்) ஓடட்டும். அந்தச் சுவிவலில் 0.30 மில்லிமீற்றர் மெல்லிய தங்கூசி 15 சென்றிமீற்றர், அதன் முனையில் 30 கிராம் ஈயம். ஈயம் மரத்தில் மாட்டினால் மெல்லிய துண்டு அறுந்து ஈயம் மட்டும் போகும், மீன் மிஞ்சும். வன்னிக் குளங்களில் இந்த மெல்லிய துண்டு இல்லாமல் தூண்டில் போடுவது ஈய வியாபாரிக்குத்தான் இலாபம்.

3. றப்பர் மணி ஒன்று, பிறகு முடிச்சோடு பலமான சுவிவல்.

4. அதிலிருந்து 0.90 மில்லிமீற்றர் தங்கூசி 45 சென்றிமீற்றர். வாளையின் பல் வெட்டாது, அராவும். ஆகவே கம்பி தேவையில்லை. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் விரலால் தடவிப் பார்த்து, கரகரப்பாக இருந்தால் மாற்றுங்கள்.

5. முனையில் 6/0 வட்டத் தூண்டில், அதாவது முனை உட்பக்கம் வளைந்த முள். துருப்பிடிக்காத எஃகு வேண்டாம். கொழுக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள்.

இரைக்கு அதே குளத்துத் திலாப்பியா, 10 முதல் 12 சென்றிமீற்றர், செத்தது போதும். முதுகு முள்ளைக் கத்தரித்து, வால்செட்டையை வெட்டி, பக்கத்தில் இரண்டு கீறல் போடுங்கள், மணம் பரவும். காற்றுப்பையைக் குத்திவிட்டால்தான் அடியில் கிடக்கும். வாலடிச் சதையில் ஒரே ஒரு குத்து, முள்முனையும் வளைவும் முழுக்க வெளியே. கோழிக்குடலும் வேலை செய்யும், ஆனால் கெளிறு விடாது. வேறு குளத்திலிருந்து உயிர் இரை கொண்டுவராதீர்கள். மீன்தொட்டியில் பாசி தின்ன வளர்க்கும் ராங் கிளீனர் போன்ற வெளிநாட்டு மீன் ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது இப்படியும்தான்.

செயற்கை இரை விரும்பினால், இரண்டு மூன்று மீற்றர் ஆழம் இறங்கும் 12 சென்றிமீற்றர் பிளக், அதாவது மீன் வடிவப் பொய்யிரை. அதோடு வரும் மூன்றுமுள் தூண்டில்களைக் கழற்றி ஒற்றை முள் மாட்டுங்கள். மூன்று முள் வாளையின் கண்ணிலும் செவுளிலும் மாட்டும், உங்கள் கையிலும் மாட்டும்.

குளத்தில் ஒரு மாலை

நான்கு மணிக்கு வள்ளம் ஏறினால் வெளிச்சத்தில் ஆழம் பார்த்து முடிக்கலாம். சங்கத்து மீனவர்கள் பொழுதுபட வலை போட்டு விடியத் தூக்குவார்கள். எந்த வலை எங்கே என்பதை வள்ளக்காரர் அறிவார். வலையிலிருந்து குறைந்தது 50 மீற்றர் விலகி நில்லுங்கள். பின்னல் நூல் வலையில் சிக்கினால் அறுபடுவது அவர்களுடைய வலை.

ஐந்தரைக்கு முன் நங்கூரம் போட்டு முடியுங்கள். முன்னும் பின்னும் இரண்டு கல். ஒரு கல்லில் நின்றால் காற்றில் வள்ளம் ஊசலாடும். இரை அடியில் இழுபடும். வட்டத் தூண்டில் தானாகக் கட்டையில் ஏறும். வள்ளத்தை விளிம்பிலிருந்து 20 மீற்றர் தள்ளி, காற்றுக்கு மேல்பக்கம் நிறுத்துங்கள். கல்லை எறியாமல் கயிறோடு இறக்குங்கள். வள்ளத்துக்குள் விழும் ஒரு தகரப்பேணிச் சத்தம் அரை மணித்தியாலத்தைக் கெடுக்கும்.

முதல் தடியின் இரை விளிம்பின் மேல்பக்கம், இரண்டாவது பள்ளத்துக்குள். இருட்டியபின் இரண்டாவதையும் மேட்டுக்கு மாற்றலாம். ட்ராக்கை ஒரு கிலோ அளவுக்குத் தளர்த்தி வையுங்கள். நாற்பது நிமிடத்தில் ஒன்றும் நடக்காவிட்டால் இரையை மாற்றுங்கள், இடத்தை அல்ல. ஒன்றரை மணித்தியாலம் போனால் இடத்தையும் மாற்றுங்கள்.

வாளை இரையை நெடுநேரம் கொத்திக்கொண்டிருக்காது. ஒரு தட்டு, பிறகு நூல் நடக்கத் தொடங்கும். இந்த நேரத்தில் தடியை வெட்டி இழுப்பதுதான் மிகப் பெரிய பிழை; வட்டத் தூண்டில் வாயிலிருந்து வழுக்கி வெளியே வந்துவிடும். இரண்டு மூன்று விநாடி போகவிட்டு, ட்ராக்கை அடையாளத்துக்கு முறுக்கி, தடியை மீன் பக்கம் காட்டியபடி ரீலைச் சுற்றுங்கள். பாரம் ஏறித் தடி வளைந்த பிறகு மெதுவாக உயர்த்தினால் போதும். முள் வாயின் கடைவாயில் தானாக ஏறிவிடும்.

முதல் ஓட்டம் மரத்தை நோக்கித்தான் இருக்கும். தடியை மேலே தூக்காமல் பக்கவாட்டில், தண்ணீருக்குச் சமமாகப் பிடித்துத் தலையைத் திருப்புங்கள். மரத்துக்குள் போய்விட்டால் பலம் பார்க்க வேண்டாம். நூலைத் தளரவிட்டு ஒரு நிமிடம் பொறுத்தால் பல நேரம் மீன் வந்த வழியே வெளியே வரும்.

வாய்ப்பு நழுவும்போது காரணத்தை இரையில் படிக்கலாம். அரைவட்டமாகக் கடித்தெடுத்திருந்தால் ஆமை. அந்த இடத்தை விட்டுப் போவதே வழி. வயிற்றுப் பக்கம் பிய்ந்து நூலாகத் தொங்கினால் கெளிறு, இரையைப் பெரிதாக்குங்கள். இரை முழுதாக, பொடிக் கீறல்களோடு திரும்பி வந்தால் வந்தது வாளை, ஆனால் முள்முனை சதைக்குள் மறைந்திருந்தது, அல்லது அவசரப்பட்டீர்கள்.

கையில் எடுத்து விடுவது

முடிச்சில்லாத றப்பர் அத்தாங்கு, வாய் 80 சென்றிமீற்றர். மீன் அதற்குள் வந்ததும் தூக்காதீர்கள். தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். நீண்ட மூக்குக் குறடு வேண்டும். முள் தொண்டைக்குள் போயிருந்தால் தோண்டாமல் தங்கூசியைக் கிட்ட வெட்டிவிடுங்கள். துருப்பிடிக்கும் முள் என்றால் நாளடைவில் கரையும்.

நீளத்தை மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை, தண்ணீரில் மிதக்கும் நாடாவால் எடுக்கலாம். எடை வேண்டுமானால் நனைத்த துணித் தொட்டிலில். வாயில் கொழுக்கி போட்டுச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் உள்ளுறுப்பின் பாரம் முழுவதும் ஒரு பக்கம் இழுக்கும். படம் எடுப்பதென்றால் கமராவைத் தயார்படுத்தியபின், நனைந்த இரண்டு கையால், கிடையாக, 20 விநாடி. செதிலில்லாத மீன் என்பதால் காய்ந்த கை பட்ட இடத்தில் சளிப்படை உரிந்து நோய் பிடிக்கும். பிறகு வயிற்றைத் தாங்கி, தலையைக் காற்றுக்கு எதிராகத் திருப்பிப் பிடித்திருங்கள். தானாக வாலை அடித்து உங்கள் கையை விட்டுப் போகட்டும். முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம்.

ஆபத்துகள்

முதலை எல்லாப் பெரிய குளத்திலும் உண்டு. முழங்கால் தண்ணீரில் நின்று தூண்டில் போடுவதும், இருட்டில் கரையில் குந்தியிருந்து கை கழுவுவதும் கூடாது. வள்ளத்திலும் கை தண்ணீரில் இருப்பது மீனைக் கையாளும் அந்த ஓரிரு நிமிடம் மட்டும். அப்போது மற்றவர் சுற்றிவர ரோச் அடிக்கட்டும். இறங்குதுறையில் மீன் குடலை வீசக்கூடாது. ஏழரைக்குள் கரை ஏறிவிடுங்கள். அதற்குப் பின் குளக்கட்டு வீதி யானைக்குரியது.

அலைகரையில் புதுப்பாதை பிடிக்காதீர்கள். ஆட்கள் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதைக்கு வெளியே, கண்ணிவெடி என்று எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கால் வைக்க வேண்டாம். தண்ணீர் வற்றிய சேற்றில் உலோகம் எதையும் கண்டால் தொடாமல் இடத்தைக் குறித்து 119க்குச் சொல்லுங்கள்.

சித்திரையில் பிற்பகல் இடிமழை திடீரென்று கட்டும். காபன் தடி மின்சாரம் கடத்தும். முதல் முழக்கத்திலேயே தடியைக் கிடத்திக் கரைக்குத் திரும்புங்கள். மிதவை அங்கியை இருக்கைக்குக் கீழே வைக்காமல் உடம்பில் போடுங்கள். கெளிறு அல்லது சுங்கான் குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில், ஏறக்குறைய 45 பாகை, வெந்நீரில் அரை மணித்தியாலத்துக்கு மேல் அமிழ்த்தி வைத்தால் வலி இறங்கும். ஒரு சுடுநீர்ப் போத்தல் வள்ளத்தில் இருக்கட்டும். மூச்சு முட்டினால் அல்லது வீக்கம் ஏறினால் 1990 அம்புலன்ஸ். காலில் காயத்தோடு குளத்தில் இறங்கியவருக்கு அடுத்த இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சல் வந்தால், குளத்துக்குப் போனதை வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். எலிக்காய்ச்சலுக்கு மருந்து உண்டு, பிந்தினால்தான் சிக்கல்.

திரும்பியதும் அத்தாங்கையும் நூலையும் நல்ல தண்ணீரில் அலசி ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவிடுங்கள். குளத்தை மூடிப் படரும் சல்வீனியாப் பூண்டின் துண்டு ஒன்று ஒட்டியிருந்தாலும் அடுத்த குளத்துக்கு அது போதும். குறிப்பேட்டில் திகதி, அடிக்கணக்கு, காற்று, இரை, பிடிபட்ட ஆழம், மீன் நீளம். அதை வள்ளக்காரருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். வலையில் வாளை ஏறும் நாட்களை அவர் அதற்குப் பக்கத்தில் எழுதி வைத்தால், அடுத்த மாசியில் எங்கே கல் இறக்குவது என்று வள்ளம் ஏற முன்னரே பேசி முடிக்கலாம்.